டிக்கிக்குப் பிறகு கதை சொல்வது யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஸ்ரீராம் ராகவன் இயக்கி 2018இல் வந்த இந்திப் படம் 'அந்தாதுன்'. அதன் இரண்டாம் பாதி படத்துக்குப் பலமா, பலவீனமா என்பதுதான் தலைப்பு. பலம் என்று பேச வந்திருக்கிறேன். முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

பியானோ காட்சிக்குப் பிறகு படம் இறங்குமுகம் என்றார் எதிரணி நண்பர். அந்தக் காட்சியின் அருமையில் எங்களுக்குள் சண்டையே இல்லை. புனேயில் ஒரு அடுக்குமாடி வீடு. பார்வையற்றவனாக நடிக்கும் ஆகாஷ் பியானோ வாசிக்கிறான். தரையில் வீட்டுக்காரரின் பிணம். பாத்ரூமுக்குப் போனால் அங்கே துப்பாக்கியோடு ஒருவன். திரும்பி வந்து மறுபடி வாசிக்கிறான். மனைவி சிமியும் அவளுடைய காதலன் மனோகரும் ரத்தத்தைத் துடைத்து, உடலைப் பெட்டிக்குள் திணிக்கிறார்கள். எல்லாம் சைகையில்தான். இவன் பார்க்கிறான் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கண் ஒரு நொடி அந்தப் பக்கம் நின்றால் ஆள் காலி.

சரி, அங்கேயே முடித்திருக்கலாமே? முடித்தவர் ஒருவர் இருக்கிறார்! இந்தப் படத்துக்குத் தூண்டுதலாக இருந்த 2010 பிரெஞ்சுக் குறும்படம் அந்த இக்கட்டோடு நின்றுவிடுகிறது. கால் மணி நேரக் கதைக்கு அது போதும். இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு, 'அப்புறம் என்ன?' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ராகவனின் பதில் கொடூரமானது: நடிப்பை நிஜமாக்கிவிட்டார். பிரசாதத்தில் மருந்து வைத்து சிமி அவன் பார்வையைப் பறிக்கிறாள். முதல் பாதியில் பார்ப்பதை மறைத்துத் தப்பியவன், இப்போது பார்க்காமலே தப்ப வேண்டும். துருப்புச்சீட்டு கை மாறிவிட்டது.

குறையே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. உறுப்புத் திருட்டுக் கும்பலின் கையில் ஆகாஷ் போய் விழுவது நெருடல்தான். இன்ஸ்பெக்டர் மனோகர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு தன் குண்டாலேயே சாவதும் கொஞ்சம் சல்லிசு. ஆகாஷின் காதலி சோஃபியை நினைத்தபோது வரவழைத்து, வேண்டாதபோது அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் எதிரணியின் பெரிய ஆயுதம் முயல். 'சிமி ஓட்டும் கார் ஆகாஷை இடிக்க வரும்போது ஒரு முயல் குறுக்கே பாய்ந்து, கார் கவிழ்ந்து, சிமி சாகிறாளாம்! இது என்ன பூச்சுற்றல்?' என்று கேட்டார். பூச்சுற்றல்தான் ஐயா. சுற்றுவது யார் என்று பார்த்தீர்களா? உறுப்புத் திருட்டுக் கும்பலின் டாக்டர் சுவாமி கார் ஓட்டுகிறார், டிக்கியில் சிமி, பக்கத்தில் ஆகாஷ். அங்கே வெட்டி, இரண்டு ஆண்டு தாண்டி ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது படம். டிக்கிக்குள்ளிருந்து சிமி வெளியே வந்ததும், சுவாமி செத்ததும், முயல் பாய்ந்ததும் ஆகாஷ் சோஃபியிடம் சொல்லும் கதை. கண் தெரியாதவனாக ஊருக்கே நடித்தவன் வாய்ச்சொல்லைச் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொண்டு இயக்குநரைக் குற்றம் சாட்டலாமா?

'முதல் காட்சியிலேயே முயலைக் காட்டினாரே' என்பீர்கள். முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஓடும், ஒரு கண் பழுதான முயல். அதுவும் அவன் சொல்லும் கதையின் நுனியாக ஏன் இருக்கக்கூடாது? அதற்கும் முன்னால் திரையில் வரும் வரி, வாழ்க்கை என்பது 'லிவரை'ப் பொறுத்தது என்ற ஆங்கிலச் சிலேடை: ஈரல் என்றும் கொள்ளலாம், வாழ்பவர் என்றும் கொள்ளலாம். சிமியின் ஈரலுக்கு விலை பேசியவர் சுவாமி. அவளுடைய கண்ணைத் தனக்கு வைத்துக்கொள்ள ஆகாஷ் மறுத்தான் என்பதற்கும் ஒரே சாட்சி ஆகாஷ்தான்.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்புக்கு முன் நடுவர் கடைசிக் காட்சியை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். சோஃபியிடம் விடைபெற்று ஆகாஷ் தனியாக நடக்கிறான். வழியில் ஒரு தகர டப்பா. கைத்தடியால் குறி பார்த்து ஒரே தட்டு, டப்பா பறக்கிறது. அந்தத் தடியின் பிடியையும் பாருங்கள் ஐயா, முயல் தலை.