மறைக்க வேண்டியது விடையை, விதியை அல்ல

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'கணக்குப் புதிரில் விடை பிசகினால் பொறுப்பு யாருக்கு? கேட்டவருக்கா, போட்டவருக்கா?' இதுதான் தலைப்பு. கேட்டவருக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

கையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் எழுதிய ஒரு போட்டித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி: 'மூன்றுக்கு மூன்று கட்டம். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் போக எத்தனை வழிகள்?' கேள்வி அவ்வளவுதான். அவள் இந்தத் தாளில் குட்டிக் குட்டியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வழியைப் பென்சிலால் இழுத்துப் பார்த்திருக்கிறாள். குறுக்காகப் போகக் கூடாது, போன கட்டத்துக்குத் திரும்பப் போகக் கூடாது என்று தனக்குத்தானே விதியும் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தால் ஓர் அடி. 4 அடியில் போகிற வழி 6, 6 அடியில் போகிறது 4, 9 கட்டத்தையும் மிதித்துப் பாம்புபோல வளைந்து 8 அடியில் போகிறது 2. மொத்தம் 12. ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. நானும் உட்கார்ந்து சரிபார்த்தேன்.

தேர்வு நடத்தியவர்கள் வைத்திருந்த விடை 6. இவளுக்குத் தவறு போட்டுவிட்டார்கள். 'அம்மா, மேலே ஏறக் கூடாதுன்னு எங்கம்மா எழுதியிருக்கு?' என்று கேட்டாள். கேள்வியை நான்கு தடவை படித்தேன். எங்கேயும் இல்லை.

அந்த 6 எப்படி வருகிறது? வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ மட்டும்தான் நகரலாம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே வந்து சேர எத்தனை வழி என்று எழுதினால், மேல் வரிசை முழுக்க 1, இடது ஓரம் முழுக்க 1. மற்ற கட்டங்களில் மேலே இருப்பதையும் இடப்பக்கம் இருப்பதையும் கூட்டி எழுத வேண்டும். நடுவில் 2, அடுத்து 3, 3, கடைசி மூலையில் 6. அழகான முறை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அதே கேள்வியை வேறு மாதிரியும் படிக்கலாமே! குறுக்காகக் கீழே இறங்கவும் விட்டால் 13. கட்டத்துக்குள் போகாமல் கோட்டின் மேலேயே நடந்தால், 6 அடியில் போகிற வழிகள் 20. கோட்டின் மேலேயே சுற்றி வளைத்து, வந்த புள்ளியை மட்டும் மறுபடி தொடாமல் நடந்தால் 184. ஒரே இடத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்றால் எண்ணி முடியாது. இத்தனை விடையில் எது தவறு, சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குச் சரியான விடை. அது எந்தக் கேள்வி என்றுதான் எழுதவில்லை.

எதிரணி நண்பர் சொன்னார், 'வழி என்றால் சுருக்கமான வழிதான், இது பொது அறிவு' என்று. ஐயா, பத்துக்குப் பத்துக் கட்டம் எடுங்கள். கோட்டின் மேல் சுருக்கமான வழிகள் 1,84,756. சுற்றிப் போகலாம், வந்த புள்ளிக்கு மட்டும் திரும்பக் கூடாது என்றால் 25 இலக்கத்தில் ஒரு எண் வருகிறது. ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டதால் வருகிற வித்தியாசம் இது. இதைப் பொது அறிவின் தலையில் கட்டலாமா?

அப்புறம் இன்னொன்றும் சொன்னார்கள். 'புதிர் என்றாலே மறைத்துக் கேட்பதுதானே, விடுகதை இல்லையா?' சரி, விடுகதைக்கே வருகிறேன். ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்தது. தேன்கூடு என்று சொன்னதும் திண்ணையில் இருக்கிற அத்தனை பேரும் 'ஆமாம்ல' என்கிறார்கள். அங்கே ஒளித்து வைத்தது விடையை. இந்தக் கேள்வியில் ஒளித்து வைத்தது விதியை. விடையைச் சொன்ன பிறகும் என் மகள் தலையாட்டவில்லையே, ஏன்?

நல்ல வழிப் புதிர் எப்படி இருக்கும் என்பதற்குக் கோனிக்ஸ்பர்க் நகரம் இருக்கிறது. இன்றைக்கு ரஷ்யாவின் கலினின்கிராத். பிரெகெல் ஆற்றின் மேல் அன்றைக்கு 7 பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை, எதையும் விடாமல் கடந்து நடக்க முடியுமா என்பது கேள்வி. கணித மேதை ஆய்லர் 1736இல் முடியாது என்று காட்டினார். நான்கு நிலப்பகுதிகளிலும் பாலங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை: 5, 3, 3, 3. ஒற்றைப்படை இடம் இரண்டுக்கு மேல் போனால் அப்படி ஒரு நடை கிடையாது. 'ஒரே ஒரு முறை' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் 7 பாலத்தையும் சுற்றிவிட்டு வரலாம், ஆய்லருக்கு அங்கே வேலையே இல்லை.

அவ்வளவு தூரம் ஏன்? நம் வாசலில் போடுகிற கோலம். பத்திரிகையில் எப்படி அச்சிடுவார்கள்? '7 புள்ளி, 4இல் நிறுத்தவும், இடுக்குப் புள்ளி.' ஒரே வரி. நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4. எந்த ஊரில் யார் வைத்தாலும் 37 புள்ளிதான் விழும். நேர்ப்புள்ளியா இடுக்குப் புள்ளியா என்று எழுதாமல் விட்டால், பாதி வாசலில் கோலம் சரியாக வராது. கோலம் போட்டவள் தப்பு என்று அதற்காக யாராவது சொல்வோமா?

'தன் அனுமானத்தை எழுதிவிட்டு விடை போடட்டும்' என்றார் கடைசியாகப் பேசியவர். நியாயமான பேச்சு. ஆனால் எழுத இடம் எங்கே? விடைத்தாளில் இருந்தது விரல்நுனி அகலத்தில் ஒரு பெட்டி. அதற்குள் ஓர் எண்தான் அடங்கும்.

நடுவர் அவர்களே, அந்தக் கேள்வியைத் திருத்தி இந்தத் தாளின் மேலே எழுதியிருக்கிறேன். 'ஒரு நகர்வில் வலப்பக்கம் ஒரு கட்டமோ கீழே ஒரு கட்டமோ மட்டுமே போகலாம்.' கூடுதலாகச் சேர்த்தது இந்த ஒரு வரிதான். அதற்குக் கீழே என் மகள் போட்ட 12 வழிகளும் அப்படியே இருக்கின்றன. தாளை உங்கள் மேசையில் வைக்கிறேன், எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.