சம்மணம் போட்டு எழுந்தால் எத்தனை மதிப்பெண்?

அனைவருக்கும் வணக்கம். நோயோ காயமோ வந்தவர்கள் அன்றாட வேலைகளுக்குத் திரும்ப உதவும் ஆக்குபேஷனல் தெரபியைப் படிக்கும் மாணவர்களும் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருவர் அன்றாட வேலைகளைத் தானாக எவ்வளவு செய்கிறார் என்று மதிப்பெண் போடும் பார்தெல் அளவுகோல் உங்களுக்கு மனப்பாடம். 1965ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்துச் செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். உணவைத் துண்டு போடவும் வெண்ணெய் தடவவும் ஒருவருக்கு உதவி வேண்டுமென்றால் 10க்கு 5. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறினால் 15. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதற்கு அதில் இடமே இல்லை.

இப்போது நம் ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலோ கீழக்கரையிலோ ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சாப்பாடு தரையில், தொழுகை தரையில். அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் அரிவதும் தரையில்தான். அந்த ஒரு வேலையில் எத்தனை இருக்கிறது! இடுப்பு மடங்க வேண்டும், முழங்கால் தாங்க வேண்டும், கால் கருவியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு கையும் கூர்முனைக்கு எதிரே ஒன்றாக நகர வேண்டும். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஒரு பெண்மணி மருத்துவமனையில் 100 வாங்கிவிட்டு, வீட்டில் அரிவாள்மனை முன்னால் உட்கார முடியாமல் நின்றால், அந்த நூறு யாருடைய நூறு?

அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உடற்கூறியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், அதையும் நன்றாகப் படியுங்கள். ஆனால் எந்த வாழ்க்கையை இயல்பானது என்று வைத்துக்கொண்டு பாடம் எழுதப்பட்டது என்று கேட்கவேண்டும். இந்தத் துறையின் முதல் சங்கம் 1917ல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் உருவானது. அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்ந்த கமலா நிம்ப்கர் 1950ல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். 1952ல் இந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தொடக்கத்திலேயே சபையில் இருந்தவர்கள் நாம். அப்படியிருந்தும் நம் வீட்டுத் தரை இன்னும் பாடத்துக்குள் வரவில்லை.

ஜப்பானியச் சிகிச்சையாளர்கள் மைக்கேல் இவாமா என்ற தெரபிஸ்டோடு சேர்ந்து, வாழ்க்கையை ஓர் ஆறாகப் பார்க்கும் கவா மாதிரியை (கவா என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு) உருவாக்கினார்கள். நல்ல வேலை. அதற்காக அந்த ஆற்றையும் அப்படியே இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள். நம் வைகை பெரும்பாலும் கண்மாயோடு நின்றுவிடுகிறது. அவர்கள் தங்கள் ஊரைப் பார்த்து யோசித்த துணிச்சலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியை அந்த வேலையில் செய்து பாருங்கள். மூச்சை அடக்க வேண்டும், பாறையில் கால் நிற்க வேண்டும், துணி சுற்றிய விரலால் பாசியைப் பறிக்க வேண்டும். கூட்டாகத்தான் போவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் தனியாகச் செய்வதுதான் குணம் அடைந்ததற்கு அடையாளம் என்று எழுதி வைத்த பாடத்தால் இவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. அப்புறம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஒரு பெண்ணின் கை சரியானாலும், அவர் வேலைக்குத் திரும்புவது சட்டத்தையும் பொறுத்தது. அதுவும் தெரபிஸ்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சொல்லவே கனமாக இருக்கிறது. மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர் என்று பாரிஸ் மருத்துவர் பினெலை நம் துறையின் வரலாற்றில் முதலில் படிக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, இதே கரையில், ஏர்வாடியின் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். பினெலைப் படிக்கும் அதே வகுப்பில் ஏர்வாடியையும் படிக்க வேண்டும். அந்த மனிதர்களுக்கு அன்று பகலெல்லாம் செய்ய என்ன வேலை இருந்தது என்று கேட்பதுதானே நம் தொழில்?

பண்பாடு என்று ஒரு மணி நேர வகுப்பைச் சேர்த்தால் போதாது. மாணவர்களின் களப்பயிற்சியில் ஒரு பகுதி இந்தக் கரையில் நடக்கட்டும். பாசி எடுக்கும் பெண்களும் வலை பின்னுகிறவர்களும் அங்கே ஆசிரியர்களாக இருக்கட்டும். விருந்தினர் விரிவுரையாளருக்குத் தரும் அதே ஊதியத்தைப் பல்கலைக்கழகம் அவர்களுக்கும் தரவேண்டும்.