நுரைக்கு வரி

(கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு நுகர்வோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கலர் வாங்கிக் குடிக்காதவர் இந்த அரங்கில் அநேகமாக யாரும் இருக்க மாட்டோம். அதன் விலையில் அரசுக்குப் போவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள்தான் குறைவு. 20 ரூபாய் கோலாவில் 5 ரூபாய் 71 காசு ஜிஎஸ்டி. அச்சிட்ட எம்ஆர்பிக்குள்ளேயே எல்லா வரியும் அடங்கிவிடுவதால் அது தனியாகக் கண்ணில் படுவதில்லை. பஸ் நிலையக் கடைகளில் ‘கூலிங் சார்ஜ்’ என்று மேலும் 2 ரூபாய் கேட்கிறார்களே, அதற்கும் வரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது சட்டவிரோதம். கொடுக்காதீர்கள்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நுரைக்கும் பானங்களுக்கு 28 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 12 சதவீதமும் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், நேராக 40 சதவீதம் ஆகிவிட்டது. கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. இந்தச் சதவீதம் எம்ஆர்பி மீது அல்ல, வரி சேர்க்காத விலை மீது.

உடல்நலம் கருதிப் போட்ட சர்க்கரை வரி இது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியானால் சர்க்கரையே சேர்க்காத டயட் கோலாவுக்கும் ஏன் அதே 40 சதவீதம்? நம் மாவட்டத்து மாங்கூழில் தயாராகும் நுரைக்காத மாம்பழ பானத்துக்கு 12 சதவீதமாக இருந்த வரி இப்போது 5 சதவீதம். 10 ரூபாய் கோலாவில் வரி 2 ரூபாய் 86 காசு, 10 ரூபாய் மாம்பழ பானத்தில் வெறும் 48 காசு. பாட்டிலைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை. மாம்பழ பானங்கள் பலவற்றில் அதற்குக் குறைவில்லை. நாம் கட்டுவது நுரைக்கு வரி.

உண்மையான சர்க்கரை வரி எப்படி இருக்கும்? மெக்சிகோவில் 2014 ஜனவரியில் லிட்டருக்கு ஒரு பெசோ (அந்த நாட்டு நாணயம்) வரி போட்டார்கள், அதாவது அப்போதைய விலையில் ஏறக்குறைய 10 சதவீதம். நகரங்களில் வரி முழுவதும் விலையில் ஏறியது. கிராமங்களில் அவ்வளவு ஏறவில்லை. முதல் ஆண்டில் விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது. ஏழைகள் வீட்டில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஏழையின் பையில்தான் கை வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வாங்குவதை முதலில் குறைத்துக்கொண்டவர்களும் அவர்களே.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் வழி. 2016இல் அறிவித்து, 2018 ஏப்ரலில் அமல்படுத்தினார்கள். அப்போது வைத்த விதி இது: 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 கிராம் முதல் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ். இரண்டு ஆண்டு அவகாசத்தில் கம்பெனிகள் என்ன செய்தன? பாதிக்கு மேற்பட்டவை சர்க்கரையைக் குறைத்துவிட்டன. அந்தப் பானங்களை வாங்கியவருக்கு வரிச்சுமை குறைந்தது, அல்லது இல்லாமலே போனது. இங்கே சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் அதே 40 சதவீதம் என்றால், எந்த முதலாளி குறைப்பார்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017இல் இத்தகைய பானங்களுக்குத் தனியாக வரி போட்டது. மக்களில் ஒரு பகுதியினர் எல்லை தாண்டி வாங்கி வந்தார்கள். ஓசூர்க்காரர் எல்லை தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போனாலும் ஜிஎஸ்டி அதேதான், அந்தத் தொல்லை நமக்கு இல்லை.

வரி ஒன்றே விலையை முடிவு செய்கிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். 2023இல் பழைய காம்பா கோலா 200 மில்லி 10 ரூபாய்க்கு மறுபடியும் கடைக்கு வந்தபோதும் வரி 40 சதவீதம்தான். பெட்டிக்கடையில் 10, 20 என்ற சில்லறைக்கணக்கு எளிதில் அசையாது. செலவு கூடினால் விலைக்குப் பதில் பாட்டிலைச் சிறிதாக்கிவிடுவார்கள். ஆகவே விலையை மட்டும் பார்க்காமல் மில்லியையும் பாருங்கள்.

சர்க்கரை அளவுக்கு வரி என்றால் மாம்பழ பானமும் சிக்குமே, பெங்களூரா மாம்பழம் பயிரிட்டவன் கதி என்ன என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி ஐயா. பழ பானம் என்ற பெயருக்கு இன்றைய விதிப்படி 10 சதவீதம் பழம் இருந்தால் போதும், மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். சேர்த்த சர்க்கரைக்கு மட்டும் படிப்படியாக வரி வைத்து, பழத்தில் இயற்கையாக இருக்கும் இனிப்புக்கு விலக்குக் கொடுத்தால், இனிப்பு வேண்டும் என்பவன் கூழைத்தான் கூட்ட வேண்டியிருக்கும். அந்தக் கூழ் உங்கள் தோப்பிலிருந்துதான் போக வேண்டும்.