6174 பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "எண்களில் சிறந்தது 1729-ஆ, 6174-ஆ?" இதுதான் இன்றைய வழக்கு. நான் 6174-இன் கட்சி.

லண்டனின் புட்னியில் நோயுற்றுக் கிடந்த கணித மேதை ராமானுஜனையும், பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியையும், அவர் ஏறி வந்த டாக்சியின் எண் 1729 என்பதையும் எதிரணி நண்பர் உருக்கமாகச் சொன்னார். 1, 12 இவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 9, 10 இவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தன்மை 4104-க்கும் உண்டே! 2, 16 ஒரு ஜோடி, 9, 15 இன்னொரு ஜோடி. அதற்குப் பின்னாலும் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. 1729 அதில் முதல் ஆள், அவ்வளவுதான். என் எண்ணுக்குப் பின்னால் வரிசையே இல்லை.

ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. ராமானுஜன் பிறந்த 1887-ஐயே எடுப்போம். இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கினால் 8871, ஏறு வரிசையில் 1788. கழித்தால் 7083. மறுபடி அதே வேலை: 8730-இல் 0378 போக 8352. மறுபடி: 8532-இல் 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 7641-இல் 1467 போக அதே 6174தான். எங்கே தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிக்குள் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

இது தற்செயல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கழித்தால் வரும் விடை அதுதான். ஆக, ஆயிரக்கணக்கான எண்களும் முதல் கழித்தலிலேயே வெறும் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-இல் தன்னைத்தானே திருப்பித் தருவது ஒன்றே ஒன்று. வித்தியாசங்கள் 6, 2 என்று அமையும்போது 5994-உம் 180-உம் சேர்ந்து 6174.

"பத்தை அடியாகக் கொண்டு, அதாவது 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களால் எண்களை எழுதுவதால் வந்த வித்தை இது" என்று எதிரணி அடுத்துச் சொல்லலாம். அப்படியானால் ஐந்து இலக்கத்திலும் இப்படி ஓர் எண் இருக்க வேண்டுமே? இல்லை. அங்கே எண்கள் ஒரு வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும், நிற்காது. இரண்டு இலக்கத்திலும் அதே கதி. மூன்று இலக்கத்துக்கு 495, நான்குக்கு 6174. தவிர, 18-உம் அதன் வர்க்கமும் கனமும் சேர்ந்தால் 18, 324, 5832, கூட்டினால் 6174. இந்தக் கணக்குக்கு எந்த அடியும் தேவையில்லை. 6174-இன் இலக்கங்களைக் கூட்டினாலும் அதே 18 வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது.

இதைக் கண்டவர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர், 1949-இல். ராமானுஜனுக்கு ஹார்டி கிடைத்தார். இவருக்கு அப்படி ஒருவர் இல்லை. 1975-இல் அமெரிக்கக் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் இவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் பரவலாக இவரைத் திரும்பிப் பார்த்தது.

கடைசியாக, 1729-ஐயே இந்தக் கழித்தலில் இறக்குகிறேன். 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. ஏழு படி, நடுவர் அவர்களே! இருப்பதிலேயே நீளமான பாதையில் நடந்து எதிரணியின் எண்ணே எங்கள் எண்ணிடம் வந்து சேர்ந்துவிட்டது. தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.