அப்புச்சி இருந்த நீர்மூழ்கி

நேயர்களுக்கு வணக்கம். சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கடலைப் பார்த்ததே கப்பற்படையில் சேர்ந்த பிறகுதான். 1971 போர்க்காலத்தில் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கியில் இன்ஜின் பிரிவில் இருந்தார்.

சோவியத் நாட்டில் கட்டியது அது. நீளம் 91 மீட்டர், உள்ளே சுமார் 75 பேர். டீசல் இன்ஜின் ஓடக் காற்று வேண்டும் அல்லவா? அதனால் ஆழத்தில் போகும்போது பேட்டரிதான். பேட்டரியில் சார்ஜ் குறையக் குறைய, மேல்மட்டத்துக்கு வந்து, குழாயை மட்டும் வெளியே நீட்டி, இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரி கண்ணில் மாட்டுகிற நேரமும் அதுதான். குளியல் கிடையாது. துணி, சோறு, தலையணை எல்லாவற்றிலும் டீசல் வாடை.

ஏற்காடு பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போவோமே, நம் அப்புச்சிக்கு அதெல்லாம் வேண்டாம். கடைசி சீட்டில் புகைக்கு நடுவே சுகமாகத் தூங்குவார். ஒருநாள் பாதி மலையில் திடீரென்று கண் விழித்து, "டிரைவர் தம்பி, ஒரு சிலிண்டர் அடிக்கலீங்க" என்றார். "பேசாம உக்காருங்க பெரியவரே" என்றார் அவர். அடுத்த கொண்டை ஊசி வளைவு தாண்டவில்லை, வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்பக்கம் வந்து, "ஏனுங்க, எந்தப் பட்டறையில இருந்தீங்க?" என்று கேட்டார். "தண்ணிக்குள்ளங்க!"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் அவரிடம் கேட்பது ஒன்றே: "எத்தனை கப்பலைக் கவுத்தீங்க?" ஒன்றுகூட இல்லை. குர்சுரா அரபிக் கடலில் ரோந்து சுற்றியது. எதிரிக் கப்பல்தான் என்று உறுதியாகத் தெரியாமல் தாக்கக் கூடாது என்பது உத்தரவு. நாள்கணக்கில் காத்திருப்பதுதான் வேலை. மறுபடியும் சொல்கிறேன், காத்திருப்பதும் போர்தான். கேட்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்துக்கு அருகே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி ஆட்களோடு மூழ்கியது. அந்தப் பேச்சு வந்தால் அப்புச்சி, "அவனுக்கும் இதே டீசல் நாத்தந்தான் கண்ணு" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். அவசரமாக ஒன்று: 2001-ல் பணி ஓய்வு பெற்ற குர்சுரா இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம். ரொம்ப இடுக்கு, உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.