அப்பா ஃபீல்டு போஸ்டிங்ல, குழந்தை கிரெச்ல: சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்வி, குன்னூர் பக்கத்துல வெலிங்டன் ராணுவக் குவார்ட்டர்ஸ்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "வீட்டுக்காரர் ஹவில்தார், ஃபீல்டு போஸ்டிங் (குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாத இடம்) போய் ரெண்டு மாசம் ஆச்சு. எனக்கு குன்னூர்ல வேலை. ரெண்டரை வயசுப் பையனை கிரெச்ல (குழந்தைகள் காப்பகம்) விட்டா மூணு வாரமா அழுகைதான். நிறுத்திடலாமா?"

நிறுத்த வேண்டாம்மா. அப்பா கிளம்பினப்ப பையன் முழிச்சிருந்தானான்னு யோசிச்சுப் பாருங்க. அழுவானேன்னு, தூங்கும்போதே பெட்டியை எடுத்துட்டுக் கிளம்புற வீடுதான் அதிகம். இப்ப நீங்களும் அவன் பொம்மை பக்கம் திரும்புற நேரமா பார்த்து நழுவினா, கண்ணை எடுத்தா ஆள் போயிடுவாங்கன்னு அவன் மனசுல பதிஞ்சுடும். அப்புறம் ராத்திரித் தூக்கமும் போயிடும், உங்க முந்தானையையும் விட மாட்டான்.

திங்கட்கிழமையில இருந்து புதுசா ஆரம்பிங்க. ஒரு வாரம் லீவு கிடைச்சா போட்டுடுங்க. முதல் ரெண்டு நாள் நீங்களும் உள்ளேயே ஒரு மணி நேரம் உக்காந்துட்டு, அவனோடவே வீட்டுக்கு வந்துடுங்க. மூணாவது நாள் அவன் முகத்தைப் பார்த்து "அம்மா போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு, கால் மணி நேரத்துல திரும்பிடுங்க. அழுவான், பரவாயில்ல. சொன்னபடி திரும்பி வர்றதுதான் மருந்து. அப்புறம் அரை மணி, ஒரு மணி, மதியச் சாப்பாடு வரைக்கும்னு கூட்டுங்க. மத்தியானத் தூக்கம் கடைசியாத்தான். புது இடத்துல கண் முழிக்கிறது அந்த வயசுக்குப் பெரிய பயம். "அஞ்சு மணிக்கு வர்றேன்"னா அவனுக்குப் புரியாது, "பால் குடிச்சதும் வர்றேன்"னு சொல்லுங்க.

தினமும் ஒரே அக்கா கையில கொடுங்க, ஆள் மாறினா பழகினது வீணாப் போயிடும். மூணு வயசுக்குக் கீழன்னா 10 குழந்தைக்கு ஒரு ஆள்னு தேசிய வழிகாட்டு நெறியே இருக்கு, எண்ணிப் பாருங்க. அந்த அக்கா ஹிந்திக்காரங்கன்னா தண்ணி, மூச்சா, பசி, வலிக்குதுன்னு பையன் சொல்ற வார்த்தையை ஹிந்தியில எழுதிச் சுவத்துல ஒட்டச் சொல்லுங்க. அப்பா குரலை ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. ஃபீல்டுல எப்பவும் சிக்னல் கிடைக்காது, அதனால "சாயங்காலம் அப்பா வீடியோ கால்ல வருவார்"னு மட்டும் வாக்கு கொடுக்காதீங்க.

இன்னொண்ணு, குன்னூர் குளிர். மூடின ரூம்ல கரி அடுப்பு வச்சிருந்தா, அந்த கிரெச்ல குழந்தையை விடவே விடாதீங்க. கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குற குழந்தை தூக்கத்துலயே மயங்கிடும். தரையில பாய்க்கு அடியில தடிமனா ஜமுக்காளம் வேணும். ஈர சாக்ஸை உடனே மாத்தணும், ரெண்டு ஜோடி அதிகமாவே கொடுத்து அனுப்புங்க.

உங்க கம்பெனியில 50 பேருக்குக் குறையாம வேலை செஞ்சா, கிரெச் வசதி தரணும்னு 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துலயே வந்துடுச்சு, இப்ப அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல இருக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கவும் விடணும். ஹெச்.ஆர்.கிட்ட எழுத்துலயே கேளுங்க.

அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு லாரியில சாமான் ஏத்தும்போது தடுப்பூசி அட்டை மட்டும் உங்க கைப்பையில இருக்கட்டும். அங்கன்வாடியில பேர் இருந்தா, போஷன் டிராக்கர்ல (அங்கன்வாடிப் பதிவு ஆப்) புது ஊருக்கு மாத்தித் தரச் சொல்லிக் கிளம்புறதுக்கு முன்னாடியே டீச்சர்கிட்ட பேசிடுங்க.