புஷியும் சாமுராயும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம். ஜப்பானிய வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் புஷி, சாமுராய் ஆகிய இரு சொற்களையும் ‘போர்வீரர்’ என்றே குறித்துவிடுகின்றனர். புஷி என்பது ஒருவரின் தொழிலைச் சொல்கிறது. சாமுராய் என்பதோ அவர் யாரை அண்டி நிற்கிறார், அதனால் எந்தப் படியில் வைக்கப்படுகிறார் என்பதைச் சொல்கிறது. இதைக் கவனியாமல் அந்நாட்டின் சமூக அடுக்கைப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் உறுதியான எண்ணம்.

புஷி சீன எழுத்துகளால் ஆன சொல். 797இல் நிறைவுற்ற ‘ஷோகு நிஹோங்கி’ என்னும் அரசவை வரலாற்றிலேயே அது காணப்படுகிறது. சாமுராய், அருகிருந்து ஏவல் கேட்டலைக் குறிக்கும் ‘சபுராவு’ என்ற ஜப்பானிய வினையிலிருந்து பிறந்தது. ஹெய்யான் காலத்தில் (794–1185) கியோட்டோப் பிரபுக்களின் மாளிகைகளில் ஊழியம் பார்த்தவர்களுக்கே அப்பெயர் வழங்கியது. போர்த்தொழிலுக்குத் தொடர்பில்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர். தமிழில் ‘சேவகன்’ என்ற சொல் ஊழியனையும் வீரனையும் குறித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1180இல் மினமோட்டோ குலத் தலைவரான மினமோட்டோ நோ யோரிடோமோ தம் வீரர்களைக் கட்டியாள ‘சாமுராய்தோகோரோ’ என்னும் அலுவலகத்தை நிறுவியபோது இரு சொற்களும் நெருங்கி வந்தன, ஆயினும் ஒன்றாகிவிடவில்லை. 1232இல், யோரிடோமோ நிறுவிய போர்வீரர் அரசான காமகுரா ஆட்சி வெளியிட்ட, 51 பிரிவுகள் கொண்ட ‘கோசெய்பாய் ஷிகிமோகு’ சட்டத்தைப் பாருங்கள். போலி ஆவணம் புனைந்தவன் சாமுராயாக இருந்தால் அவனது நிலம் பறிக்கப்படும், நிலமே இல்லையென்றால் தொலைதூரத்துக்கு நாடுகடத்தப்படுவான். அதே குற்றத்தைச் செய்தவன் சாமானியனாக இருந்தால் அவன் முகத்தில் சூடு போடப்படும். ஆகவே, சாமுராய் என்ற சொல் போர்த்திறனுக்குக் கிடைத்த பட்டமாக இல்லாமல், ஒருவனது உடலைத் தண்டனையிலிருந்து காக்கும் சட்டத் தகுதியாகவே இருந்தது.

1603இல் நாகசாகியில் இயேசு சபையினர் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதியும் சாமுராயை உயர்குடியாளர் என்றே விளக்கியது. எடோ காலத்தில் (1603–1868), அஷிகாரு எனப்பட்ட காலாட்கள் படைப்பணியில் இருந்தும், பல சிற்றரசுகளில் சாமுராய் என்ற பெயர் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அதன்பின் வந்த மெய்ஜி பேரரசரின் அரசும் தொடக்கத்தில் மேல்நிலையினரை ‘ஷிசோகு’ என்றும் காலாட்களை ‘சொட்சு’ என்றும் தனித்தனியே பதிவு செய்தது; அந்தச் ‘சொட்சு’ப் பிரிவு 1872இல்தான் நீக்கப்பட்டது.